பின்னால் கடலை தின்றவன்

இது நிஜமாக நடந்தது. நள்ளிரவிலும் அல்ல; பட்டப்பகலில், பதினொன்றே கால் மணிக்கு, பதினான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. நம்பாதவர் நம்பாமலே போகட்டும். எனக்கு இருக்கிற வயிற்றெரிச்சலே போதும்.

நான் எம்மெட் புரூயிட். 1914-இல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஒரே ரீலில் முடியும் ஊமைச் சிரிப்புப் படங்களில் நடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருடமாக வாளித் தண்ணீர், ஏணி, மாவு மூட்டை எல்லாம் என் தலையில்தான் விழுந்தன. சிரிப்பு மட்டும் கஸ் ஹாலினனுக்குப் போனது. நான் முன்னால் உருண்டு புரண்டு உயிரை விடுவேன். அந்தத் தடியன் பின்னால் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்பான். ‘டக்’... ஒரு மெல்லல். கொட்டகையே அவனைப் பார்த்துச் சிரிக்கும்.

பிப்ரவரியில் காய்ச்சலில் போய்விட்டான். படத்தில் எங்கள் பெயரைப் போடும் வழக்கம் கிடையாது. அதனால் அவன் செத்தது வெளியே யாருக்கும் தெரியாது. மார்ச்சில் எனக்கு வாய்ப்பு வந்தது. நானே கதாநாயகன். படம் ஓடினால் பன்னிரண்டு படத்துக்கு ஒப்பந்தம், ஓடாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று இயக்குநர் டார்சி சொல்லிவிட்டார்.

முடிவெட்டும் கடைக் காட்சி. மேலே வெயிலை வடிகட்டும் வெள்ளைத் துணி. தரையில் சுண்ணாம்புக் கோடு. அதைத் தாண்டி நின்றால் படத்தில் விழ மாட்டோம். ஒளிப்பதிவாளர் எண்ணிக்கொண்டே கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார்.

11:15. சோப்பில் வழுக்கி விழப் போனேன்.

‘டக்.’

என் முதுகுக்குப் பின்னால்...

திரும்பினேன். காலி நாற்காலி. மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

“ஏன்யா திரும்புற? ஃபிலிம் வீணாகுதுல்ல,” என்றார் டார்சி.

11:19. மறுபடி விழுந்தேன்.

‘டக்.’ நிதானமாக மெல்லும் சத்தம்.

கடலை அவித்த உப்புத் தண்ணீர் வாசனை...

நான் திரும்பவில்லை. என் காலடியில் ஈரமாக ஒரு கடலைத் தோல் கிடந்தது.

படத்தைப் போட்டுப் பார்த்தோம். திரையில் நான் மட்டும்தான். நாற்காலி காலி. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. டார்சி தலையில் கை வைத்துக்கொண்டார்.

படம் வெளியானதும் கொட்டகைக்குப் போனேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் நான் வழுக்குவதற்கு முன்பே சிரித்தது. எல்லார் கண்ணும் திரையில் என் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது.

பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை யாரென்று தெரியாமலே சொன்னாள்: “முன்னாடி ஒருத்தன் சும்மா குதிச்சுக்கிட்டே மறைக்கிறான் பாருங்க.”

அடுத்த வாரம் சவானா, மேக்கன் என்று வெளியூர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. கொட்டகைக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: பின்னால் கடலை தின்கிற அந்தத் தடியனை வைத்து இன்னும் பன்னிரண்டு படம் கொடுங்கள்.

அவன் செத்தது தெரிந்த எங்கள் கண்ணுக்கு மட்டும் அவன் இன்றுவரை தெரியவில்லை.

இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான்.

ஒப்பந்தம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை டார்சி வந்தார். சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒரு நாற்காலியைப் போட்டார். பக்கத்தில் ஒரு கிண்ணம் கடலை வைத்தார்.

“எம்மெட், கொஞ்சம் தள்ளி நில்லுப்பா,” என்றார். “அவனை மறைக்காதே.”