தூணுக்குப் பின்னால் ஒரு பொதுவுடைமை வகுப்பு

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அலுவலக கேன்டீனில் ஆறு பேர் சேர்ந்து சாப்பிடுகிறோம். சோறு அவரவருடையது. பொரியல், கூட்டு, துவையல் எல்லாம் டப்பா மூடிகளில் மேஜை நடுவே வந்துவிட வேண்டும். இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் எல்லோரும் மதிக்கிறோம்.

சென்ற ஆண்டு வேலூரிலிருந்து ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். நாற்பத்தாறு வயது. குடும்பம் ஊரில், இவர் இங்கே பிஜி விடுதியில், கல்லூரி முடித்த சூட்டோடு வந்த இருவருடன் ஓர் அறையில். பிஜியில் மதியச் சாப்பாடு கிடையாது. கேன்டீனில் வெறும் சோறும் தயிரும் வாங்கிக்கொண்டு நின்றவரை நாங்கள்தான் கூப்பிட்டு உட்கார வைத்தோம். மூன்று நாள் திருப்தியாகச் சாப்பிட்டார். நான்காம் நாள் பார்த்தால், தூணுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

போய்க் கேட்டேன்.

"இல்லீங்க சார். தினமும் கையை வீசிக்கிட்டு வந்து உட்கார்றது ஒரு மாதிரியா இருக்கு."

நான் கல்லூரி நாளிலிருந்தே கம்யூனிஸ்ட். கட்சி எதிலும் சேர்ந்ததில்லை. புத்தகங்கள் வாங்கினேன், சிலவற்றைப் படிக்கவும் செய்தேன். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. இவரும் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

"எங்க மேஜையில நடக்கிறதுக்குப் பேர்தாங்க கம்யூனிசம்." பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய சொல் அது, அதற்கு மூலம் லத்தீனில் 'பொது' என்று பொருள்படும் ஒரு சொல், தமிழில் நாம் பொதுவுடைமை என்கிறோம், ஆகவே மூடியில் வைத்த அவரைக்காய்க்குச் சொந்தக்காரன் கிடையாது என்று விளக்கினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படித்தவன் எங்கே நிறுத்துவான்?

"அந்த லத்தீன் சொல்லைப் பிரிச்சுப் பாத்தீங்கன்னா, முன்பாதிக்கு 'சேர்ந்து'ன்னு அர்த்தம். பின்பாதிக்குக் கடமை, செய்ய வேண்டிய வேலை. வேர்ல இருக்கிறது சொத்து இல்லைங்க, கடமை."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதையேதான் சார் நானும் சொல்றேன். மூணு நாள் சாப்பிட்டேன், கடமைன்னு ஒண்ணும் செய்யலையே. நீங்க தெளிவா சொல்லிட்டீங்க." நன்றி சொல்லிவிட்டுத் தயிர்ச்சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

ஒரு சொல்லின் வேரைத் தோண்டி, அந்தக் குழியிலேயே ஒரு மனிதரைத் தள்ளிவிட்டு மேஜைக்குத் திரும்பினேன். நடந்ததைச் சொன்னேன். எங்கள் ஆறு பேரில் ஒருவர் பெங்களூரிலேயே மர்பி டவுனில் பிறந்து வளர்ந்த, தமிழில் கன்னடம் கலக்கும் மேடம். டெஸ்டிங் பிரிவு, அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதற்கே சம்பளம்.

"சும்னே லெக்சர் கொடுத்து இருந்தவரையும் துரத்திட்டீங்களா சார்?" என்றார். "கடமைன்னா, இந்த மேஜைக்கு இத்தனை நாளா நீங்க என்ன கொண்டுவந்தீங்க?"

"தினமும் பொரியல் வருதே."

"அது உங்க வீட்டம்மா செஞ்சது. நீங்க ஆபீஸ் கேப்ல வச்சு எடுத்துட்டு வர்றீங்க. அதை கேப் டிரைவரே செய்வார்."

மேஜையே சிரித்தது. வேறு வழியில்லாமல் நானும் சிரித்தேன்.

மேடம் எழுந்து தூணுக்குப் போனார். "சார், பன்னிரண்டரைக்கு மேல வந்தா இங்க சேர்ந்தாப்பல சேர் கிடைக்கறதில்லை. தினமும் இதே ரகளை. உங்க மீட்டிங் பன்னிரண்டேகாலுக்கே முடியுதில்ல? நீங்க முன்னாடியே வந்து ஏழு சேர் பிடிச்சு வைக்கணும்."

"தினமுமா?"

"தினமும்."

வேலூர்க்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் உட்காரும் முன்பே சேர்களை எண்ணினார்.

மறுநாள் நாங்கள் போனபோது சேருக்கு ஒரு பொருள் காவல் இருந்தது: குடை, கர்சீப், தண்ணீர் பாட்டில், ஐடி கார்டு, சார்ஜர், ஹெல்மெட். ஏழாவதில் அவரே. சேர் கேட்டு வந்த ஒரு மேனேஜரை அவர் திருப்பி அனுப்பியதாகப் பக்கத்து மேஜையில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் ஒரு கடமை விதிக்கப்பட்டது: மூடிகளைக் கழுவுவது.

ஒரு மாதத்தில் அவரிடமிருந்து வாட்ஸப்பில் அறிவிப்பு வந்தது: பன்னிரண்டு நாற்பதுக்கு மேல் வருபவர்களின் சேருக்கு அவர் பொறுப்பில்லை. பொறுப்பு கைக்கு வந்ததும் தோழர்கள் இப்படி மாறுவார்கள் என்று படித்திருக்கிறேன்.

நேற்று நான் போனபோது மணி பன்னிரண்டு ஐம்பது. என் சேரில் யாரோ உட்கார்ந்திருந்தார். வேலூர்க்காரர் எழுந்திருக்கவில்லை. நான் முன்பே கொடுத்தனுப்பியிருந்த என் வீட்டு அவியலை மூடியிலிருந்து இரண்டு கரண்டி அள்ளி என் தட்டில் வைத்தார்.

"நின்னுக்கிட்டே சாப்பிடுங்க சார். நாளைக்குச் சீக்கிரம் வாங்க."