ஸ்டோய்மெனின் மீசை

பல்கேரியாவின் வ்ராட்சா நகரத்து அடுக்குமாடிகளில் லிப்ட் நின்றுபோனால் ஸ்டோய்மென் வருவார். உடனே கதவைத் திறக்க மாட்டார். வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு ஒரு ஜோக் சொல்வார். சிரிப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் திருப்புளியைக் கையில் எடுப்பார்.

அவர் இறந்து நாற்பதாம் நாள் வந்தது. அந்த ஊர் வழக்கப்படி அன்று காலை அக்கம்பக்கத்து வாசல்தோறும் இறந்தவரின் படம் போட்ட நினைவு அறிவிப்பு ஒட்ட வேண்டும். கேமராவைக் கண்டாலே கோணங்கித்தனம் செய்தவருக்கு உருப்படியாக ஒரே ஒரு படம்தான் தேறியது. உச்சி வெயிலில், முற்றத்தில் குடைமிளகாய் சுட்டபோது எடுத்தது. பின்னால் கொடி நிறைய பக்கத்து வீட்டு உள்பாவாடைகள்.

"எல்லா வாசல்லயும் அவங்க பாவாடையா தொங்கணும்?" என்றாள் அவர் மனைவி சோன்கா. "பாத்ததும் அவரைத் தெரியணும்டி. நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகணும். எனக்கு அது போதும்."

மகள் நெவெனா பாலம் கட்டும் பொறியாளர். படத்தைப் பென்சில் ஓவியமாக்கிவிட முடிவு செய்தாள். கணினியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினாள். அதன் நகலை மேலே வைத்து, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றி, மங்கலாக்கிக் கலந்தாள். ஓரங்கள் மட்டும் கோடுகளாக நின்றன. மிஞ்சிய பாவாடைகளைத் துடைத்து எறிந்தாள். படத்தில் அப்பா மட்டும் சிரித்தார். அச்சடித்தாள், ஒட்டினாள்.

இறந்தவர் நினைவாக வருவோருக்குக் கொடுக்கும் வேகவைத்த கோதுமைக் கிண்ணத்தோடு தாயும் மகளும் வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டு கிர்ச்சோ வந்தார். அறிவிப்பை உற்றுப் பார்த்தார்.

"பேரு நம்மாளு பேரு. படம் யாரோடது? வரி ஆபீஸ்காரன் மாதிரி இருக்கான்!"

"அப்பாதான் மாமா."

"மீசை எங்கம்மா?"

நெவெனா திரும்பிப் பார்த்தாள். வெயிலில் வெளுத்த முகம், அதன் மேல் வெள்ளை மீசை. ஓரமே இல்லாததால் கணினி அதைக் காகிதமாக்கிவிட்டது. இத்தனை நேரம் அவள் கண்தான் அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது.

"கிழிச்சிட்டு வேற போட்டுர்றேன்மா." நெவெனா அறிவிப்பின் மேல் கை வைத்தாள்.

சோன்கா சிரித்தாள். நாற்பது நாளில் முதல் சிரிப்பு.

"கல்யாணமான புதுசுல ஒருதடவை மழிச்சிட்டு வந்து நின்னாரு. கதவையே திறக்கலையே நான்! மீசையோட வான்னுட்டேன்."

"அப்புறம்?"

"வெளியில உக்காந்து ஒரு ஜோக் சொன்னாரு. சிரிச்சித் தொலைச்சேன். திறந்தாச்சு."

கைப்பையிலிருந்து புருவப் பென்சிலை எடுத்தாள். படத்தில் மீசையின் ஓரத்தை வளைத்து வரைந்தாள். ஸ்டோய்மென் வந்துவிட்டார். கிர்ச்சோ தொப்பியைக் கழற்றினார்.

"சிரிக்க மாட்டேன்னு அடம்பிடிச்சேன்னு லிப்ட்டுக்குள்ளயே ஊறப்போட்டான் பாவி," என்று தொடங்கியவர் கோதுமை தீரும்வரை நிறுத்தவில்லை.

பிறகு அம்மாவும் மகளும் மற்ற வாசல்களுக்குப் பென்சிலோடு நடந்தார்கள். கடைசி வாசலில் யாரோ முந்திக்கொண்டிருந்தார்கள். நீலப் பேனாவில், காதுவரை முறுக்கிய மீசை.

"கொழுப்பைப் பாரேன்," என்றாள் சோன்கா. பென்சிலை மூடிப் பைக்குள் போட்டாள்.