ராணிக்குச் சட்டை, ராஜாவுக்குப் பேன்ட்

என் அண்ணி பள்ளி இறுதித் தேர்வில் இலக்கியத் தாளை மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டவள். மற்றப் பாடங்களில் எல்லாம் பாஸ். கணக்கில் அவள் வாங்கிய மார்க்கைப் பார்த்து நானே வாயைப் பிளந்திருக்கிறேன். இலக்கியத்தில் ஒரு துன்பியல் நாடகம் இருந்தது. அதுதான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு விடாமல் கிடந்தது. முதல் தடவை கதையை அழகாக எழுதினாள், மேற்கோள் ஒன்றுகூட எழுதவில்லை. இரண்டாம் தடவை மேற்கோளாக எழுதித் தள்ளினாள். ஆனால் ராஜா பேசியதை ராணி வாயிலும், ராணி பேசியதை ராஜா வாயிலும் போட்டுவிட்டாள். திருத்தியவர் என்ன பாடு பட்டாரோ, பாவம்.

எங்களுடையது சலவைக் கடை. முன்னால் இஸ்திரி மேசை, அதற்குப் பின்னால் துவைக்கும் இயந்திரம், அப்புறம் ஒரு பலகைத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மாவின் அறை. மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம், திரும்பலாம், நடக்க முடியாது. ஓரத்துப் பலகையைத் தூக்கினால்தான் வெளியே வரமுடியும். அந்தப் பலகைமேல் எந்நேரமும் தேய்த்த துணி அடுக்கியிருக்கும், ஆகவே யாரும் அதைத் தூக்குவதில்லை. அப்பா இருந்தவரை அங்கே நின்றவள் அம்மா. முழங்கால் தேய்ந்து அம்மா உள்ளே போய் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த அண்ணி அவள் இடத்தில் நின்றாள். பள்ளித் தேர்வுக்கு முன்னால் கல்யாணம் முந்திக்கொண்டதால் வந்த வினை இது.

அண்ணன் துணி வாங்குவான், இயந்திரத்தைப் பார்ப்பான், வருகிறவர்களோடு உலக விஷயம் பேசுவான். வீடு வீடாகத் துணி கொண்டுபோய்க் கொடுப்பது நான். நானும் அதே நாடகத்தைப் படித்துப் பாஸானவள்தான். பாஸாகி என்ன கிழித்தாய் என்று கேட்பவர்களுக்கு என் சைக்கிளைக் காட்டுவேன்.

அண்ணிக்கு அந்தப் பாஸ் வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருக் கண் ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கோட்டெல்லாம் எங்களிடம்தான் வரும். அங்கே தலைமை நர்ஸாக இருந்த அம்மாள் ஒருநாள் கோட்டு வாங்க வந்தபோது அண்ணி போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூடப் பரீட்சை மட்டும் முடிச்சிட்டு வாம்மா. நோயாளிங்க பேரு பதியற இடத்துல உன்னை உக்கார வைக்கறேன். இந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் வேற ஆள் போடாம வெச்சிருக்கேன்" என்றார். உட்கார்ந்து பார்க்கிற வேலை! காலையிலிருந்து நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருண்டுபோனவளுக்கு அந்த 'உக்கார' என்ற சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். போதாக்குறைக்கு, அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறப்போகிறது என்றும் சொல்லிவிட்டார்கள். இந்த முறை விட்டால் நாடகமும் போச்சு, நெட்டுருப் போட்ட மேற்கோளும் போச்சு.

நாடகம் இதுதான். கோட்டையை எதிரி வளைத்திருக்கிறான். எதிரி யாரென்றால் ராணியின் கூடப்பிறந்த தம்பி. நான் போய்ச் சமாதானம் பேசுகிறேன், கதவைத் திற என்கிறாள் ராணி. ராஜா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறான். ஐந்தாம் அங்கத்தில் தம்பி சாகிறான், ராணி சாகிறாள், ராஜா சாவியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறான். இதனால் யாருக்கு என்ன லாபம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

படிப்பதற்கென்று அண்ணிக்குத் தனியாக நேரம் கிடையாது. இருந்ததெல்லாம் இஸ்திரி மேசைதான். அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சட்டை வந்தால் ராணி வசனம், பேன்ட் வந்தால் ராஜா வசனம். யார் பேசியது என்ற குழப்பம் இனிமேல் வராதல்லவா? காலரில் ஆரம்பிப்பாள்: "கல்லால் கட்டிய மதிலை இடிக்கலாம்." தோள்பட்டைக்கு வருவாள்: "சொல்லால் கட்டிய மதிலை..." கையை நீவி விடுவாள்: "எதைக் கொண்டு இடிப்பேன்?" அப்புறம் ஒரு பேன்ட்டை எடுத்து இடுப்புப் பட்டையில் இஸ்திரிப் பெட்டியை வைத்து, குரலைத் தடிமனாக்கி, "இந்தக் கதவு என் சொல்லுக்குத் திறக்கும்" என்று கால் மடிப்பில் இறங்கி, "உன் கண்ணீருக்குத் திறக்காது" என்று முழங்காலுக்குக் கீழே முடிப்பாள். புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் சரிபார்ப்பேன். ஓர் எழுத்துப் பிசகாது.

கடையில் கூத்துதான். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் சட்டை வாங்க வந்து நிற்கிறார். அண்ணி தலையைத் தூக்காமல், "நம்பினேன். நான் செய்த குற்றம் அது ஒன்றே" என்றாள். மனிதர் வெலவெலத்துப்போய், "என்னம்மா, என் சட்டை கருகிடுச்சா?" என்றார். அம்மாவின் கதை வேறு. அவளுக்கு முழங்கால்தான் போயிற்று, காது போகவில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஊசி விழுந்தாலும் என்ன நம்பர் ஊசி என்று சொல்வாள். ஒருநாள் அண்ணி, "நீ ஊட்டிய ஒவ்வொரு கவளத்திலும் நஞ்சிருந்தது" என்று சட்டைப் பித்தான்களைச் சுற்றிப் பெட்டியை ஓட்டிக்கொண்டிருக்கையில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"யாரு ஊட்டினது? தட்டுல போட்டதை அவளே எடுத்துத் தின்னா. நான் எங்க ஊட்டினேன்?"

"ஐயோ அத்தை, அது ராணி தன்னை வளர்த்தவளைப் பார்த்துச் சொல்றது!"

"அந்த ராணிக்கு வாய் ஜாஸ்தி" என்றாள் அம்மா.

நாங்கள் இருவரும் துணி மூட்டைமேல் விழுந்து சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்துச் சைக்கிளை எடுக்கும்போது ஒரு கேள்வியும் பின்னால் ஏறிக்கொள்ளும். அண்ணி போய்விட்டால் அந்த மேசைக்குப் பின்னால் நிற்கப்போவது யார்? வீட்டில் மிச்சம் நான்தான். அவள் பாஸாக வேண்டும் என்று மனதார நினைத்தேன். அவள் பாஸானால் நான் மாட்டினேன் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே வயிற்றில் கிடந்தன.

என் அண்ணனைக் கெட்டவன் என்று சொல்ல ஒரு சாட்சி கிடைக்காது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், குரலைக்கூட உயர்த்த மாட்டான். பெண்டாட்டி படிக்கிறாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வான். தேர்வுக்கு முந்தின நாள் காலையில் அதே வாயோடு ஓர் ஓட்டல்காரரின் படுக்கை விரிப்புகளை வண்டியோடு கொண்டுவந்து இறக்கினான்.

"நாளைக்குப் பரீட்சைங்க" என்றாள் அண்ணி.

"தெரியும். அவசரம்னு சொல்றாங்க, வெறும் விரிப்புதானே. நீ போய்ப் படியேன். யாரு உன்னைத் தடுத்தா? வாசல் தொறந்துதானே கெடக்கு. போகாம நிக்கிறது நீதானே?"

இதை அவன் கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் கோபமாகச் சொன்னதில்லை. பிறந்த வீட்டுக்குப் போகட்டுமா என்றாலும், கொஞ்சம் படுக்கட்டுமா என்றாலும் இதே பதில்தான், இதே சிரிப்புதான். இவ்வளவு சுதந்திரம் கொடுக்கும் புருஷன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று மனதார நம்புகிறவன். விரிப்பு மலையைத் தாண்டிப் போனால் நாளைக்கு ஓட்டல்காரர் வந்து கத்துவார், இயந்திரத்தின் தவணை நிற்கும், அம்மாவின் மருந்து நிற்கும். அதையெல்லாம் அவன் சொல்லமாட்டான், அவளுக்கே தெரியும். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அண்ணி பெட்டியை எடுத்தாள்.

விரிப்புக்குக் காலரும் கிடையாது, கால் மடிப்பும் கிடையாது. அன்றைக்கு முழுக்க ராணியும் வரவில்லை, ராஜாவும் வரவில்லை. நானும் கூட நின்று மடித்துப் போட்டேன். வெள்ளை வெள்ளையாகத் தேய்த்துக்கொண்டே போனாள், அவள் உதடு அசையவே இல்லை.

மறுநாள் அவள் தேர்வுக்குப் போக, மேசைக்குப் பின்னால் நான் நின்றேன். கொஞ்ச நேரத்திலேயே முதுகு சுவரிலும் வயிறு மேசையிலும் இடித்தது. ஆவி முகத்தில் அடித்தது. ஒரு தடவை தண்ணீர் குடிக்க வெளியே வரப் பார்த்து, பலகைமேல் இருந்த அடுக்கைப் பார்த்துவிட்டு, அப்புறம் குடித்துக்கொள்ளலாம் என்று நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது.

மத்தியானம் அண்ணி முகமெல்லாம் பூரிப்பாக வந்தாள். "குட்டி, பெரிய கேள்வி என்ன தெரியுமா? ராணியின் அழிவுக்கு அவளே காரணமா, மேற்கோள்களுடன் விளக்குக. நான் காரணம் இல்லைன்னு எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க, நானாவே யோசிச்சு எழுதினேன். பூட்டின கதவுன்னா உடைக்கணும்னாவது தோணும், திறந்த கதவை என்னன்னு உடைக்கறதுன்னு எழுதினேன்."

"திறந்த கதவா? எந்த மேற்கோள் போட்டீங்க?"

"ராஜா மூணாம் அங்கத்துல சொல்வானே." அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "'உன்னை எவர் தடுத்தார்? வாயில் திறந்தே கிடக்கிறது. போகாமல் நிற்பது நீயல்லவா?'"

"அண்ணி," என்றேன் மெதுவாக, "நாடகத்துல கதவு பூட்டியில்ல இருக்கும்? சாவி ராஜா இடுப்புல."

அவள் வாய் திறந்தபடி நின்றது. பிறகு ஆணியில் தொங்கிய பழுப்பு நிறப் பேன்ட்டைப் பார்த்தாள். தினமும் காலையில் முதலில் தேய்ப்பது அதைத்தான். அது என் அண்ணனுடையது. "ராஜா வசனம் வேணும்னு பேன்ட்டை நினைச்சேன், குட்டி" என்றாள். "வந்தது உங்கண்ணன் பேன்ட்டு." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது.

தேர்வு முடிவு வந்தது. கொஞ்சத்தில் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது, அதோடு இத்தனூண்டு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தலைமை நர்ஸ் வருத்தப்பட்டுத்தான் வேறு பெண்ணை எடுத்தார். "பாஸ் பண்ணிட்டு வாம்மா, அடுத்த இடம் காலியானா பாக்கலாம்" என்று கோட்டுகளை வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணி யாரையும் குறை சொல்லவில்லை. அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. "திருத்தினவன் தூங்கியிருப்பான். நான் விடப்போறதில்லை" என்று தானே அலைந்து, விடைத்தாளின் நகலை வாங்கிவந்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும், அவளுக்காக அவன் உண்மையாகவே அலைந்தான். வந்ததும் வராததுமாக மேசைமேல் அதை விரித்தான். அந்தப் பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில், 'இவ்வரி நாடகத்தில் எங்கும் இல்லை. கதவு பூட்டியிருக்கிறது' என்று எழுதியிருந்தது.

அண்ணன் விரல் வைத்துச் சத்தமாகப் படித்தான். "'உன்னை எவர் தடுத்தார்? வாயில் திறந்தே கிடக்கிறது. போகாமல் நிற்பது நீயல்லவா?' எவ்வளவு அருமையான வசனம்! இதைப் போய்ச் சுழிச்சிருக்கான். ராஜான்னா இப்படித்தான் பேசுவான். இவனெல்லாம் ஒரு வாத்தியார்!"

அண்ணி பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அது ராஜா சொன்னது இல்லீங்க."

"பின்ன?"

"நீங்க சொன்னது."

அண்ணன் சிரித்தான். "நானா? நான் எப்ப இப்படிச் செந்தமிழ்ல பேசினேன்?"

"செந்தமிழ் மட்டும்தான் என்னோடது."

அவன் என் பக்கம் திரும்பினான். "ஏய், நீ சொல்லு. நான் இப்படிப் பேசியிருக்கேனா?" நான் பதில் சொல்வதற்குள் தடுப்புக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நேத்துகூடச் சொன்னியேடா. அவ கால் வலிக்குது, செத்த நேரம் உக்காரட்டுமான்னு கேட்டப்ப."

அம்மாதான் மறுபடி பேசினாள், எங்களிடம் இல்லை, சுவரைப் பார்த்துப் பேசுகிறவள் போல. "உங்கப்பாவும் என்கிட்ட இதையேதான் சொல்லுவாரு. ஒருநாளாவது கதவைச் சாத்தியிருந்தா, தொறந்துக்கிட்டாவது போயிருப்பேன்."

அண்ணன் விடைத்தாளைப் பார்த்தான். வட்டத்துக்குள் இருந்த வரியை உதட்டை அசைத்து இன்னொரு முறை படித்தான். அவன் காது மடல் சிவந்தது. அண்ணி ஓரத்துப் பலகைமேல் இருந்த அடுக்கை இரண்டு கையாலும் அள்ளி அவன் கையில் கொடுத்துவிட்டு, பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"புதுப் பாடப்புத்தகம் வந்துடுச்சாம். கடைக்குப் போய் வாங்கிட்டு வரேன். மறுபடி எழுதப் போறேன்" என்றாள்.

துணி அடுக்கோடு நின்ற அண்ணன் வாயைத் திறந்தான். வழக்கமான வாக்கியம் அவன் நாக்கு நுனிவரை வந்ததை நானும் அண்ணியும் பார்த்தோம்; தடுப்புக்குப் பின்னால் அம்மாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். அவன் வாயை மூடிக்கொண்டான். மறுபடி திறந்தான். அதற்குப் பதிலாகச் சொல்ல அவனிடம் வேறு வாக்கியம் இல்லை.