மூன்று கதிறைகள்

தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலின் முன்னால் அன்ரோனெற் அக்கா நின்றுவிட்டார். ‘தேனீர்’ என்றிருந்தது. கொண்டையில் செருகியிருந்த சிவப்புப் பென்சிலை உருவி, ‘னீ’யை வெட்டி, மேலே ‘நீ’ எழுதினார்.

“தேன் ஊத்துறதெண்டால் எனக்குச் சீனி வேண்டாம், பாத்தும்மா.”

கடைக்காரப் பாத்தும்மாவுக்கு இது பழகியது. “பிழையா எழுதினாத்தானே நீங்க இந்தப் பக்கம் வாறீங்க” என்று கோப்பையை நீட்டினார்.

மன்னார் நகரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் அக்கா எழுதுவினைஞர். எனக்கு எதிர் மேசை. வங்காலையிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். பஸ் பலகை, கோயில் அறிவித்தல், மேலிடத்துச் சுற்றறிக்கை எதையும் அந்தப் பென்சில் விட்டதில்லை. லீவுக் கடிதம் கொடுத்துவிட்டு நான் அவர் வாயையே பார்த்திருப்பேன். உதடு குவிந்தால் எங்கோ ஓர் ஒற்று விடுபட்டிருக்கிறது.

மதில் நிழலில் கழுதைகள் உறங்கும் மதிய இடைவேளையில் பென்சில் ஓய்ந்து ஊசி வெளியே வரும். ஞானஸ்நானத்தில் தான் ஏந்திய ஞானமகள் டிலோஜினி முதன்முறை நற்கருணை வாங்கும் முதல்நன்மைக்கு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் பிள்ளையென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

போன கார்த்திகையில், முன்பள்ளிப் பிள்ளைகள் உட்காரச் சிறிய கதிரைகள் வாங்குவதற்காக மூன்று கடைகளின் விலைமனுக்கள் வந்தன. மன்னார், வவுனியா, யாழ்ப்பாணம். மூன்று கடிதத்தலைப்பு, மூன்று முத்திரை. திறந்து பதிவது அக்காவின் வேலை. மூன்றிலும் ‘கதிறை’ என்றே இருந்தது. ஒரே ஆள் மூன்றையும் எழுதி, போட்டி நடந்ததுபோல் காட்டியிருக்கிறார். மன்னார்க் கடை டிலோஜினியின் தகப்பன் ஜஸ்ரினுடையது. இதே ‘றை’யை அவனுக்கு முன்பொருமுறை திருத்திக் கொடுத்தவரும் அக்காதான்.

பிரதம எழுதுவினைஞர் யோகராசா சிரித்தார். “ஒரு எழுத்துப் பிழைக்கு அறிக்கையோ, அன்ரோனெற்?”

“ஒராளுக்கு வந்தால் பிழை, சேர். மூண்டு பேருக்கும் ஒரே இடத்திலை வந்தால் அது கையெழுத்து.”

“உங்கட ஞானமகளின்ர தகப்பன். பிறகு வாசல்படி மிதிக்க விடான். யோசிச்சுச் செய்யுங்கோ.”

“ரெண்டு நாளா அதைத்தான் யோசிச்சனான். கண்டிட்டு எழுதாமல் விட்டால், நானும் சேந்து எழுதின மாதிரி.”

அன்று ஊசி வெளியே வரவில்லை. பின்னேரத்துக்குள் ஒன்றரைப் பக்கம் எழுதிப் பணிப்பாளரின் கையில் கொடுத்தார். ஓரிடத்திலும் வெட்டில்லை.

விலைமனு மறுபடி கோரப்பட்டு, மாசியில் வேறொரு கடையிலிருந்து கதிரைகள் வந்தன. ஜஸ்ரினின் கடை வழங்குநர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கோயில் வளவில் அக்காவைக் கண்டால் அவன் மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆனாலும் ஊசி திரும்ப வந்தது. ஒருநாள் துணிந்து கேட்டேன்: “இந்தச் சட்டையை இனி என்ன செய்யப்போறீங்கள், அக்கா?”

“மடிப்புக் கூட வைச்சுத் தைக்கிறன். பிள்ளை எவ்வளவு வளந்தாப் பிறகு கூப்பிட்டாலும் அளவாயிருக்கும்.”

சென்ற வாரம் ஜஸ்ரின் கந்தோருக்கே வந்தான்.

“இரு தம்பி” என்று கதிரையைக் காட்டினார் அக்கா.

அவன் இருக்கவில்லை. முதல்நன்மை அழைப்பிதழை மேசையில் வைத்தான். “ஞானத்தாய் வராட்டில் தானும் கோயிலுக்கு வரமாட்டாளாம் பிள்ளை. ஒரே பிடியாய் நிக்கிறாள்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

அட்டையின் அடியில் பெரிய எழுத்தில் ‘அனைவறும் வறுக’ என்றிருந்தது. அக்காவின் கை கொண்டைக்குப் போனது. நான் எழுதுவதை நிறுத்தினேன். அவர் பென்சிலை இன்னும் கொஞ்சம் ஆழமாகச் செருகிவிட்டு, மேசையை மூடியிருந்த கண்ணாடியைத் தூக்கி, அட்டையை அப்படியே அடியில் வைத்தார்.