அக்காவின் பேரில் நான் சொன்ன சம்மதம்

யார் எதைக் கேட்டாலும் தலையாட்டும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் பேர் கூப்பிடும் கணக்குப்பிள்ளையான கிராணி முறைத்தால்கூட நான் குழைந்து சிரிப்பேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் ஈப்போவுக்குத் தெற்கே எங்கள் ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருந்த லயம் முழுக்க எனக்கு நல்ல பிள்ளை என்று பெயர். அந்தப் பெயருக்காக நான் செய்ததை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அம்மா செத்துப்போன பிறகு என்னை வளர்த்தது அக்காதான். நாலு வயது மூத்தவள். அடுத்தடுத்த நிரையில் நின்று, பால் வடிய ரப்பர் மரத்துப் பட்டையை வெட்டினோம். புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் ஒருவர்மேல் அவளுக்கு ஆசை. அவர் சட்டையில் புகை நாற்றம் போகவே போகாது. அக்காவுக்கோ அது சந்தனம்.

அந்தச் சமயத்தில், எங்களை வேலை வாங்கும் கங்காணியின் மனைவி, தைப்பிங் பக்கம் வேலையிலிருந்த தன் தம்பிக்கு அக்காவைப் பெண் கேட்டாள். எங்கள் வழக்கத்தில் பெண் சபையில் வாய் திறக்க மாட்டாள். அம்மா வெற்றிலைத் தட்டை எடுத்தால் பெண்ணுக்குச் சம்மதம் என்று அர்த்தம். அம்மா இல்லாததால், வீட்டில் இருந்த இன்னொரு பெண்ணான என்னிடம் தட்டு வந்தது. முதல் நாளே அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, தட்டைத் தொடாதே, நீ சொன்னால் அப்பா கேட்பார் என்று கெஞ்சினாள். சரி என்றேன். அவளுக்கும்தான் தலையாட்டினேன்.

மறுநாள் கங்காணியின் மனைவி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கன்னத்தைத் தடவினாள். "ஒங்கக்காவுக்கு இஷ்டந்தானே புள்ள?" என்று கேட்டாள்.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மிரட்டியிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன். அவளோ தடவிக்கொடுத்தாள். தட்டை எடுத்துவிட்டேன்.

அடுப்படியில் இருந்த அக்காவுக்குக் குலவைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஓடிப்போய், நான் மாட்டேன் என்றுதான் சொன்னேன், அப்பாதான் எடுத்துவிட்டார் என்று கூசாமல் புளுகினேன். அன்றோடு அவள் அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள். பிரிந்துபோகிற வருத்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து வண்டி ஏறும் முன் அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நீ ஒருத்தியாச்சும் எனக்காகப் பேசுனியே, அது போதும்டி."

உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. நான் அழுதேன். அவள் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்ற அப்பாவைத் திரும்பியும் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.