கஞ்சித் துணியும் ஹைட்ராக்ஸிலும்

அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் நானும் என் நண்பனும் ஆராய்ச்சி மாணவர்கள். ஆராய்ச்சி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மின்விசிறிகூட இல்லாத அறை. ஹைட்ராக்ஸில் என்ற துணுக்கு தண்ணீரில் கரைந்த பொருள்களோடு என்ன வேகத்தில் வினைபுரிகிறது என்று அளப்பது அவன் வேலை. பிறந்த கையோடு எதையாவது கடித்துவிட்டுக் காணாமல் போகிற ரகம் அது. நேரில் பிடிக்க முடியாது. காதுப் புண்ணுக்கு ஊற்றுகிற பெராக்சைடோடு இரும்பு உப்பைச் சேர்த்தால் அது பிறக்கும். கூடவே ஒரு சாயத்தைக் கலந்து, நிறம் எவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அவனுடைய அத்தாவுக்குத் தோல் மண்டி. "பெருநாளுக்குள்ள முடிச்சுக் காட்டு. இல்லேன்னா மண்டிக்கு வந்துரு" என்று சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. இவன் ஒரே பிள்ளை. அவருக்கோ மூச்சு இரைக்கத் தொடங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாயம் சண்டித்தனம் செய்தது. முன்பு சட்டென்று வெளுத்தது, இப்போது இழுத்துக்கொண்டே கிடந்தது. சாயத்தை மாற்றினோம், பெராக்சைடை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை.

"ஏலே, ஒன் கையில ராசியில்ல. பேசாம தோல எண்ணப் போ" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

ஒரு நாள் அவன், சோதனைக்கென்று காய்ச்சி வடித்த வாலை நீர் ஜாடியைச் சாய்த்தபோதுதான் கவனித்தேன். ஜாடி வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"இது எப்பருந்துடா?"

"தூசி விழுதேன்னு அம்மா குடுத்தாங்க. சின்னாளப்பட்டிப் புதுத்துணி. எங்க வீட்டுல வடிகட்டாத தண்ணிய யாருக்கும் குடுக்க மாட்டாங்க."

எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். அதனால்தான் தினமும் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. துணியின் நனையாத ஓரத்தைத் தொட்டேன், மொடமொடவென்றிருந்தது. தறியில் நூலுக்குப் போட்ட கஞ்சி. வடிந்த தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டதும் நீலம் பரவியது.

"போச்சு, அம்புட்டும் போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். திட்டவும் மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே நிமிர்ந்தான்.

"செத்த இரு. கஞ்சி சேந்தா சாயம் மெதுவா வெளுக்குது. அப்ப ஹைட்ராக்ஸில் கஞ்சியவும் கடிக்குதுன்னுதான அர்த்தம்?"

பந்தியில் ஒருவன் இரண்டு இலையில் கைவைத்தால், ஒன்றில் மிஞ்சியதை வைத்து மற்றதில் தின்றதைச் சொல்லிவிடலாமே! பிறகு சுத்தமான நீரில் கஞ்சியை வேண்டுமென்றே அளந்து போட்டான். அடுத்துச் சர்க்கரை, சாராயம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். சாயம் எவ்வளவு தாமதித்ததோ, அதை வைத்தே அந்தந்தப் பொருளின் வேகம் கிடைத்தது. பெருநாளுக்கு முன்பே வேலை முடிந்தது.

பெருநாள் சாப்பாட்டுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பரிமாறிக்கொண்டே அவன் அம்மா கேட்டார்:

"நாங் குடுத்த துணி ஒதவுச்சாப்பா?"

"அந்தத் துணி இல்லேன்னா நான் இந்நேரம் மண்டியிலதாம்மா இருந்திருப்பேன்."

அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. அத்தா மட்டும் சோற்றில் கைவைத்தபடி இருந்தார். எனக்கு அவரைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

"அப்ப மண்டிக்கு வேற ஆளு பாக்கணும்" என்றார். பிறகு கறிச்சட்டியைத் தம் பக்கம் இழுத்து, மகன் தட்டில் தாமே அள்ளி வைத்தார்.