அண்ணன் வாசிக்காத கடைசி அடி

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அந்த முதியோர் இல்லத்துக்கு அவன் முதலில் போனது புல்லாங்குழல் வாசிக்க அல்ல. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்ய. உள்ளே ஓர் அம்மாள் சிக்கிக்கொண்டு கதவைத் தட்டி அழுதுகொண்டிருந்தார். உதிரிப் பாகம் வந்துசேர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். அண்ணன் தன் கருவிப்பையில் எப்போதும் கிடக்கும் குழலை எடுத்து, கதவோரம் உட்கார்ந்து வாசித்தான். அழுகை நின்றது.

அப்புறம் ஏழு வருடம், சனிக்கிழமை தவறாமல் போனான். மூன்றாம் மாடி லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு எல்லோரும் காத்திருப்பார்கள். கடைசிப் பாட்டின் கடைசி அடியை மட்டும் அவன் வாசிக்கமாட்டான்.

"திருட்டுப்பயலே, மிச்சத்தை எங்கடா ஒளிச்சு வச்சிருக்கே?" என்பார் அந்த அம்மாள்.

"அடுத்த சனிக்கிழமை தர்றேம்மா. அதுவரைக்கும் எங்கேயும் போயிடக் கூடாது."

"நான் எங்கடா போகப்போறேன்? லிஃப்டே என்னை விடமாட்டேங்குது!"

போனது அவன்தான். ஒரு காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை.

மூன்று வாரம் கழித்து இல்லத்து நர்ஸ் போன் செய்தார். "வெளியூர்ல வேலைன்னு சொல்லி வச்சிருக்கோம் மேடம். அந்தம்மா இதயம் தாங்காது. சாப்பாடும் இறங்கல. நீங்களும் வாசிப்பீங்களாமே?"

அவன் குழலையே எடுத்துப் போனேன். உதடு பட்டுப் பட்டு அதன் மூங்கில் ஓரிடத்தில் வழவழத்திருந்தது.

"தங்கச்சியா? மூக்கு அப்படியே அவன்தான்." அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலை முடிஞ்சதும் வந்துடுவான்ல?"

தலையாட்டினேன்.

எங்கே நிறுத்த வேண்டும் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். கடைசிப் பாட்டில் அந்த இடம் நெருங்கியபோது அவன் ஞாபகம் வந்து கண்ணை மூடிவிட்டேன். விரல்கள் பழக்கத்தில் ஓடிப் பாட்டை முடித்துவிட்டன.

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மாள் தட்டவில்லை.

"முடிச்சிட்டியேடி," என்றார். குரலில் கோபமில்லை. "அப்போ அவன் வரமாட்டான்."

வருவான் என்று சொல்ல வாயெடுத்தேன். குழலை மடியில் வைத்தேன்.

லிஃப்ட் மேலே வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை, விளக்கு மட்டும் எரிந்தது. நர்ஸ் மூடப் போனார்.

"இருக்கட்டும்," என்றார் அம்மாள். "கொஞ்ச நேரம் திறந்தே இருக்கட்டும்."

நர்ஸ் ஒரு நாற்காலியை வாசலில் நகர்த்தி வைத்தார். கதவு அதில் மெல்ல இடித்து இடித்து, மறுபடி மறுபடி திறந்துகொண்டிருந்தது.